தேங்காய்க்கு விட்ட இடம்

பையில் கை விட்டால் தேங்காய்தான் தட்டுப்படுகிறது. எடுத்துவிட்டு மறுபடியும் விடுகிறேன். தேங்காய், அதன் குடுமி, கற்பூர டப்பா, தீப்பெட்டி, மழைக்கோட்டு, சாந்தாமணியின் சால்வை, பிஸ்கட் பாக்கெட், மறுபடியும் தேங்காய். நீலப் பை இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஜிப் வைத்த நீலத் துணிப்பை, அதற்குள் அவளுடைய இன்ஹேலர். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பம்ப். பக்கவாட்டு ஜிப்பில் இருக்கும், இல்லை. முன் ஜிப்பில் இருக்கும், அங்கே ஓட்டல் சாவியும் இரண்டு மிட்டாயும்தான். அப்போதே தெரிந்துவிட்டது, ஆனாலும் கை தேடுவதை நிறுத்த மாட்டேன் என்கிறது. காலையில் ஓட்டல் அறையில், டிவிக்குப் பக்கத்தில், கண்ணாடி மேஜையின் மேல். நானே எடுத்து வைத்தேன். தேங்காய் உள்ளே போகவில்லை, ஜிப் மூடவில்லை, சரி, இதை ஒரு நிமிடம் வெளியே வைப்போம், தேங்காயை அடியில் தள்ளிவிட்டு மேலே வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன். அப்புறம் வேன் வந்துவிட்டது என்று கீழேயிருந்து போன். அப்புறம் இதோ, கடல் கடந்து வந்து, சுமத்ராவில் ஓர் எரிமலையின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, பைக்குள் கை விட்டபடி இருக்கிறேன். மணி எட்டே கால். பத்தடி மேலே ஒரு கல்லில் சாந்தாமணி உட்கார்ந்து ஷூ லேசை இறுக்கிக் கட்டுகிறாள். "என்னத்தைங் தேடறீங்?" என்கிறாள். "பிஸ்கட்டு," என்கிறேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறேன். அவள் வாங்கிப் பிரித்து, பாதியை வழிகாட்டிக்குக் கொடுக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே, இந்த இடத்திலேயே, சாந்தா, பம்ப்பை ரூமிலேயே விட்டுட்டு வந்துட்டேன், வா திரும்பலாம் என்று. நாலு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதுதான் சிக்கல். நாலு வருடம் முன்னால் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். ஓமப் புகை. அவளுக்கு லேசாக வீசிங், ரொம்ப லேசு, பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக்கூடத் தெரியாது. பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்துகிறாள், காற்றுதான் வருகிறது, மருந்து வரவில்லை. தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்துபோயிருக்கிறது என்று தெரிந்த அந்த நொடியில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்கு முன்வரை இருந்தது சளி பிடித்த குழந்தையின் மூச்சு, அதற்குப் பின் வந்தது வேறு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உதடு கறுத்துவிட்டது. டாக்டர் அப்புறமாக என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "இவங்களுக்கு பாதி நுரையீரல்ல இருக்குது, பாதி பயத்துல இருக்குது. பம்ப் கையில இருக்குதுன்னு தெரிஞ்சாலே பாதி சரியாயிரும்." அன்றைக்கு நான் சபதம் எடுத்த மாதிரி அறிவித்தேன், இனிமேல் பம்ப் என் பொறுப்பு, நீ எதையும் நினைக்க வேண்டாம் என்று. நினைக்க வேண்டாம் என்று சொன்னேன், அவளும் நினைப்பதை விட்டுவிட்டாள். எங்கே போனாலும் கிளம்பும்போது என் முகத்தைப் பார்ப்பாள், நான் பையைத் தட்டிக் காட்டுவேன், அவ்வளவுதான். இன்று காலையிலும் பார்த்தாள். நானும் தட்டினேன். தட்டியது தேங்காயின் மேல்.

ஆக, சொன்னால் பயம் வரும், பயம் வந்தால் மூச்சு போகும், மூச்சு போனால் பம்ப் இல்லை. சொல்லாவிட்டால் பயம் இல்லை, பயம் இல்லாவிட்டால் மூச்சு போகாது, போகாத வரைக்கும் பம்ப் தேவையில்லை. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் கால் ஒவ்வோர் அடியாக மேலே போய்க்கொண்டே இருக்கிறது. கீழே வேன் நிற்கும் இடத்துக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து ஓட்டலுக்கு அரை மணி நேரம், இப்போது இன்னும் பத்து நிமிடம் கூடிவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. இருந்தாலும் ஓட்டல்காரனிடம் எந்த மொழியில் சொல்வது? முன்னால் வழிகாட்டி, பாண்டியா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வரை ரப்பர் ஷூ. பெயரைக் கேட்டதும் நான் துள்ளிவிட்டேன். இந்த மலைப்பக்கத்து ஜனங்களில் பாண்டியா, சோலியா என்றெல்லாம் குலப்பெயர் உண்டாம். நம்ம ஆளுங்க எந்தக் காலத்திலோ கப்பல் ஏறி வந்திருப்பார்கள் என்று சாந்தாமணியிடம் அரை மணி நேரம் அளந்தேன். அது ஏழு மணிக்கு, நான் நல்ல மனிதனாக இருந்தபோது. நடுவில் சாந்தாமணி. கடைசியில் நான். அவள் பின்னாலேயே நடக்கிறேன், மூச்சைக் கேட்டுக்கொண்டே. பொள்ளாச்சியில் நான் தேங்காய் நார் உரிக்கும் மெஷின் செய்கிறேன், இருபத்தெட்டு வருடமாக. இந்தத் தீவின் மெடான் நகரத்தில் ஒருவருக்கு இரண்டு மெஷின் பொருத்திக் கொடுக்கத்தான் இந்தப் பயணமே. மெஷினைத் தொடாமல் வாசலில் நின்று சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகப் போகிறது என்று சொல்வேன். அந்தக் காதுதான் இப்போது அவள் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு படிக்கு ஒரு மூச்சு. உள்ளே போவது சுத்தம். வெளியே வரும்போது, கடைசியில், ஒரு சின்ன இழுப்பு. இருக்கிறதா? இல்லை, அது ஷூவின் சத்தம். இல்லை, இருக்கிறது.

"ஏனுங், உங்க பேச்சையே காணோம்?" என்று திரும்பாமலே கேட்கிறாள். பேசினால் அவள் பதில் சொல்வாள், பதில் சொன்னால் மூச்சு செலவாகும். "மலை ஏறும்போது பேசக் கூடாது," என்கிறேன். அவள் சிரிக்கிறாள். சிரிக்காதே, சாந்தா, சிரிப்புக்கும் மூச்சு வேணும். "உங்க மலையில பேசக் கூடாது. இது என்ற மலை," என்கிறாள். அதுவும் சரிதான். என் மலை வெள்ளியங்கிரி. வருடம் தவறாமல் பங்குனி பிறந்ததும் மூங்கில் தடியை எடுத்துக்கொண்டு ஏழு மலையும் ஏறிவிடுவேன், இருபத்தொரு தடவை. வயசுப் பெண்கள் ஏறும் வழக்கமில்லை. கல்யாணமான முதல் வருடம் அடிவாரம் வரைக்கும் கூட வந்தாள். பூண்டி கோயில் வாசலில் புளிசாதத் தூக்கோடு உட்கார வைத்துவிட்டு நான் மேலே போனேன். மறுநாள் இறங்கி வந்தபோது அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேல எப்படிங் இருந்துது என்று கேட்டாள். நான் காலை நீட்டி, பிடிச்சு விடு என்றேன். அடுத்த வருடமும் வந்தாள், அதற்கடுத்த வருடமும். பெண் பிறந்த பிறகு வருவதை நிறுத்திவிட்டாள், கேட்பதையும் நிறுத்திவிட்டாள் என்று நினைத்திருந்தேன். போன மாதம் மெடானுக்கு டிக்கெட் போட்டபோது, அங்கே என்ன பார்க்க வேண்டும் சொல்லு, ஏரி இருக்கிறது, கடை வீதி இருக்கிறது என்றேன். போனில் எதையோ தேடிக் காட்டினாள். புகை விடுகிற மலை. "இதுல ஒரு நாள்ல ஏறி எறங்கீரலாமாமுங். பொம்பளைங்களை விடுவாங்களான்னும் பாத்துட்டேன். விடுவாங்களாமா," என்றாள். "உனக்கு வீசிங்கு இருக்குது, புள்ளை," என்றேன். "பம்ப்புதான் நீங்க கொண்டாருவீங்களே. நம்ம மலைக்கு ஐம்பது வயசுக்கு மேலதான் போகோணும். அன்னைக்கு மூச்சு இருக்குமோ என்னமோ," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் சிரிக்கவில்லை. மலை என்றால் மேலே பூஜை போடாமல் இறங்குவதா என்று, நேற்று இந்த ஊர்ச் சந்தையில் முழுத் தேங்காயாக வாங்கி, இங்கே உரித்து விற்பவர்கள் குடுமியை வழித்துவிடுகிறார்கள் என்பதால் ஓட்டல் சமையல்காரரிடம் அரிவாள் வாங்கி, விடிகாலையில் நானே மட்டை உரித்துக் குடுமி விட்டு எடுத்து வந்தேன். என்ன நேர்த்தி. என்ன பொறுப்பு.

முட்டி வலி என்று சொல்லிப் பார்க்கலாம். சட்டென்று தோன்றுகிறது, நல்ல யோசனை, இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? பழி என் முட்டியோடு போகும், அவள் பயப்பட வேண்டியதில்லை, இறங்கிவிடலாம். ஒரு படியில் நின்று, காலைப் பிடித்து, "சாந்தா, முட்டி புடிச்சுக்கிச்சு. முடியல. திரும்பலாமா?" என்கிறேன். அவள் நான்கு படி இறங்கி வந்து என் முட்டியை அமுக்கிப் பார்க்கிறாள். நான் ஆ என்கிறேன். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "வெள்ளியங்கிரி இருவத்தோரு வாட்டி ஏறுன மனுசன், இந்தப் படிக்கு முட்டி வலின்னா ஆராச்சும் நம்புவாங்களா? எனக்காவத்தான சொல்றீங்? நான் நல்லாத்தானுங் இருக்கறேன். பம்ப்பு இருக்குது, நீங்க இருக்கறீங், அப்பறமென்ன?" என்கிறாள். பம்ப் இருக்கிறது. அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். இப்போது சொல்லலாம், இதைவிட நல்ல இடம் வராது, இல்லை சாந்தா, அது இல்லை. வாய் திறக்கிறது. முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டி, இருபது வருடத்தில் நான் பார்க்காத ஒரு முகமாக நிற்கிறாள். "வேண்டாம்னா நீங்க இங்கயே உக்காந்துக்கோங்க. நான் பாண்டியாகூடப் போய்ட்டு வந்தர்றேன்," என்கிறாள். வாய் மூடிக்கொள்கிறது. "இல்ல, வர்றேன்," என்கிறேன். நிஜமாகவே முட்டி இப்போது வலிக்கிற மாதிரி இருக்கிறது.

மேலேயிருந்து கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் இறங்கி வருகிறார்கள். சாந்தாமணியைப் போக விட்டு நான் பின்தங்குகிறேன். இவர்களில் ஒருத்திக்காவது வீசிங் இருக்காதா, ஒரு பையிலாவது பம்ப் இருக்காதா? இங்கிலீஷில் கேட்கிறேன், புரியவில்லை. நெஞ்சைப் பிடித்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டு, வாயருகே கட்டை விரலை வைத்து அழுத்திக் காட்டுகிறேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் நடு மலையில் நின்று நாடகம் போடுகிறேன். ஒருத்தி ஓ என்று புரிந்த மாதிரி தலையாட்டிப் பையைத் துழாவுகிறாள். எடுத்து நீட்டுகிறாள். வாய் நாறாமல் இருக்க அடித்துக்கொள்ளும் புதினா ஸ்பிரே. மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்கிறேன். நிமிர்ந்தால் மேலே கிராம்பு வாசனை. பாண்டியா கிராம்பு சிகரெட் பற்றவைத்திருக்கிறார், அவளுக்கு மூன்றடி முன்னால். ஓடுகிறேன். படிகள் உடைந்து, பாதிக்குப் பாதி மண்ணோடு போயிருக்கின்றன, விழுந்து எழுந்து ஓடிப் போய், சிகரெட், நோ, ப்ளீஸ், வைஃப், மூச்சு என்று என் நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷையும் எனக்குத் தெரிந்ததையும் கூட்டினால் ஓர் ஆள் பேசும் அளவுக்குத்தான் வரும், இருந்தாலும் புரிந்துகொள்கிறார். உடனே அணைத்துவிட்டு, இனிமேல் பிடிப்பதானால் தூரமாகப் போய்ப் பிடிக்கிறேன் என்று கையால் காட்டுகிறார். நல்ல மனிதர். இவரிடமாவது சொல்லியிருக்கலாம். தனியாக இழுத்துப் போய் விஷயத்தைச் சொல்லி, மேலே ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்று. ஏன் சொல்லவில்லை? இறங்கிப் போனதும், ஓட்டல் வாசலில் அவர் சாந்தாமணியிடம் சைகையிலேயே அதைச் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. இத்தனை அவசரத்திலும் அது தோன்றியது.

மரங்கள் முடிந்து நாணல் வருகிறது, நாணலும் முடிந்து வெறும் சாம்பல் நிறக் கல். தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவின் வாசம். கந்தகம். ஒரு சத்தம் கேட்கிறது, பாய்லர் வால்வைத் திறந்துவிட்ட மாதிரி நிற்காத சத்தம். எரிமலை வாய்ப் பள்ளத்தின் சரிவில் ஏழெட்டு இடத்தில் பூமி வெள்ளைப் புகையை ஊதிக்கொண்டிருக்கிறது. அந்த இரைச்சலில் அவள் மூச்சு கேட்கவில்லை. இரண்டு மணி நேரமாகப் பிடித்துக்கொண்டு வந்த கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. வேகமாகப் போய் அவள் முகத்தைப் பார்க்கிறேன். உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது. கண்ணில் தண்ணீர். புகையாலா? "அழுவறயா?" என்று காதருகே கத்துகிறேன். "தெரியலீங்," என்று கத்துகிறாள். காற்று எங்கள் முதுகிலிருந்து வீசுகிறது, புகையெல்லாம் எதிர்ப்பக்கம் போகிறது, பயமில்லை, பாண்டியாவும் அதைத்தான் கை காட்டிச் சொல்கிறார், இந்தப் பக்கமாகவே நில்லுங்கள், அதிக நேரம் வேண்டாம், அதோ அந்த முகடுதான் உச்சி, பத்து நிமிடம். சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிகரெட்டைக் காட்டிச் சிரித்து, தூரமாகப் போகிறார். நான்தானே போகச் சொன்னேன். "பூசை பண்ணலாமுங்களா?" என்கிறாள். சரி, சீக்கிரம் போட்டுவிட்டு, சீக்கிரம் முகட்டைத் தொட்டுவிட்டு, சீக்கிரம் இறங்கிவிடலாம். எதன் மேல் வைப்பது என்று பார்க்கிறேன். நாலடி தள்ளி ஒரு தட்டையான கல், மேலெல்லாம் மஞ்சள். அரைத்துப் பூசியது போல அவ்வளவு திருத்தமான மஞ்சள். மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்தால் நம் கைக்கு வேறென்ன தோன்றும்? சாமி தயாராக உட்கார்ந்திருக்கிறது. ஷூவைக் கழற்றிவிட்டு அதன்மேல் நாலு வில்லை கற்பூரத்தை வைத்துப் பற்ற வைத்தேன். சாந்தாமணி குனிந்து கைகூப்பினாள், கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை அந்தக் கல்லுக்கு ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டு.

கற்பூரம் அணைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மஞ்சள் சுடர் சுருங்கியது, வில்லையைச் சுற்றி கல் உருகி, செங்காவி நிறத்தில் வழிந்தது. கல் எப்படி உருகும்? அதன் விளிம்பில் நீலமாக ஏதோ ஓடியது, வெயிலில் இருக்கிறதோ இல்லையோ என்கிற நீலம். பட்டறையில் வெல்டிங், கேஸ் கட்டிங் என்று நெருப்போடுதான் இருபத்தெட்டு வருடம் இருந்திருக்கிறேன், கந்தகம் எரியும் என்று பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடத் தெரியும், தீக்குச்சி உரசும்போது மூக்கில் ஏறுவது எது என்று எனக்குத் தெரியாதா? மஞ்சளைப் பார்த்தேன், அது கந்தகம் என்று பார்க்கவில்லை. ஒரு மூச்சு உள்ளே போனது, தொண்டையில் பிளேடு இறங்கியது போல. எனக்கே அப்படி. அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இருமல், இன்னொரு இருமல், மூன்றாவது இருமல் வெளியே வரவில்லை. தோள் இரண்டும் காது வரை ஏறி அங்கேயே நின்றன. கையை நீட்டினாள். "பம்ப்பு," என்றாள். சத்தம் வரவில்லை, உதடுதான் சொன்னது. நான் பையைத் திறந்தேன். கையை விட்டேன். தேடினேன். இல்லாததைத் தேடினேன், தெய்வமே, சால்வையை இழுத்துப் போட்டு, தேங்காயைப் புரட்டி, முன் ஜிப், பக்க ஜிப், இங்கதான வெச்சேன், இங்கதான வெச்சேன் என்று வாயாலும் சொல்லிக்கொண்டு. அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "காணோம், சாந்தா. ரூம்லயே விட்டுட்டன் போல," என்றேன். போல என்றேன். அவள் முகத்தில் உடுமலைப்பேட்டையைப் பார்த்தேன்.

பாண்டியா கத்திக்கொண்டே ஓடி வருகிறார். நாயிக், நாயிக் என்கிறார், மேலே, மேலே என்று கை வீசுகிறார். நான் அவளைக் கீழே இழுக்கப் பார்க்கிறேன், கீழேதானே வேன், கீழேதானே பம்ப், அவர் என் கையைத் தட்டிவிட்டு, புகை கீழே இறங்கும், தரையோடு தரையாகப் படியும் என்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டி, ஒரு காலால் மண்ணைத் தள்ளிக் கல்லை மூடிவிட்டு, அவளை இடுப்போடு தூக்கி நிறுத்தி முகட்டுப் பக்கம் நடத்துகிறார். முன்பின் தெரியாத ஆண் அவளைத் தாங்கிக்கொண்டு போகிறார், நான் வெறுங்காலோடு, பையோடு, பின்னால். ஏழு அடி வைக்கிறாள், நிற்கிறாள். ஐந்து அடி. நிற்கிறாள். மூன்று. என் தேங்காய் நார் மெஷினையும் மெடான்காரரையும் இந்த இருபத்தொரு வருடத்துப் புண்ணியத்தையும் எடுத்துக்கொள், அவளுக்கு ஒரு மூச்சைக் கொடு என்று யாரிடமோ கேட்கிறேன், எந்த மலைச் சாமியிடம் என்று எனக்கே தெரியவில்லை. முகட்டில் காற்று சுத்தமாக அடிக்கிறது. ஒரு பாறையில் அவளை முன்னால் சாய்த்து, முழங்கையை முட்டியில் ஊன்ற வைத்து, பாண்டியா எதிரே குந்தி உட்கார்ந்து உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக் காட்டுகிறார், சூடான காபியை ஆற்றுகிற மாதிரி. அவளும் ஊதப் பார்க்கிறாள். வரவில்லை. மறுபடியும் காட்டுகிறார். பிளாஸ்கிலிருந்து கறுப்புக் காபியை மூடியில் ஊற்றி நீட்டுகிறார், ஒரு வாய், ஒரு மூச்சு, ஒரு வாய். நான் அவள் முதுகைத் தடவப் போகிறேன். கண்ணாலேயே வேண்டாம் என்கிறாள். தள்ளி உட்காருகிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த விசில் சத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது, போகிறது, கொஞ்சம் தணிகிறது, இல்லை, தணியவில்லை, தணிகிறது. இரண்டாவது மூடிக் காபி. தோள் காதிலிருந்து ஓர் அங்குலம் இறங்குகிறது. பாண்டியா முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். நான் அழுகிறேன், வாய்விட்டு, அவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பதினொன்றரை மணிக்கு அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கிறாள். இதுதான் உச்சி. மேகம் கீழே இருக்கிறது, அதற்கும் கீழே காய்கறி வயல்கள் கட்டம் கட்டமாக. ரொம்ப நேரம் பார்க்கிறாள். நல்லா இருக்குது என்று ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கிறேன், சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அவள் வயல்களைப் பார்த்தபடியே, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கி, "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்கிறாள். "என்னது?" என்கிறேன். "பம்ப்பு இல்லீன்னு." "இப்பத்தான்" என்பது நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. எவ்வளவு நல்ல சொல். மூச்சு இப்போதுதான் திரும்பியிருக்கிறது, டாக்டரே சொல்லியிருக்கிறார், அதிர்ச்சி கூடாது, உண்மையைச் சொல்லி மறுபடியும் இழுத்துக்கொண்டால்? அவள் நல்லதுக்குத்தான், ஊருக்குப் போய், ஒரு நாள் பொறுமையாக. காலையிலிருந்து என் கூடவே நடந்து வந்த அதே காரணம், அதே அக்கறை முகம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்கிறாள்: "தேடறபோது உங்க கண்ணு பையைப் பாக்கலீங். என்னையத்தான் பாத்துச்சு." காற்று அடிக்கிறது. பாண்டியா பிளாஸ்கை மூடுகிறார். "மொதல்ல உக்காந்தமே, எட்டேகாலுக்கு," என்கிறேன். "அப்பவே." அவள் தலையாட்டுகிறாள். கோபப்படுவாள் என்று பார்க்கிறேன். கணக்குப் போடுகிறவள் போல விரலை மடக்குகிறாள், சிரித்தது, முட்டியை அமுக்கிப் பார்த்தது, பம்ப் இருக்கிறது நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொன்னது, எல்லாம் அந்த விரல்களில் மடங்குகின்றன என்று எனக்குத் தெரிகிறது. "நீ பயந்துக்குவீன்னு," என்கிறேன். "பயந்திருப்பனுங்," என்கிறாள். "பயந்துட்டு, போலாமா வேண்டாமான்னு நானே ரோசனை பண்ணியிருப்பேன். போலாம்னுகூடச் சொல்லியிருப்பேன். என்ற மூச்சுங்க அது."

எழுந்திருக்கிறாள். கை கொடுக்கப் போகிறேன், அவள் பாறையைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். பள்ளத்தின் வேறு பக்கமாக, புகை படாத ஒரு பாதையைப் பாண்டியா கை நீட்டிக் காட்டுகிறார். என் ஷூவை அவரே போய் எடுத்து வந்து கொடுத்திருக்கிறார். நான் வழக்கம்போல ஒதுங்கி, அவள் போகட்டும் என்று நிற்கிறேன். அவள் போகவில்லை. "நீங்க முன்னால நடங்க," என்கிறாள். "இல்ல சாந்தா, நான் பின்னால வந்தாத்தான்…" "பின்னால வந்து என்ற மூச்சைக் கேட்டது போதுங். முன்னால நடங்க. திரும்பித் திரும்பிப் பாக்காம நடங்க. எதாச்சும்னா நான் கூப்படறேன்." கூப்பிடுவாளா என்று கேட்க முடியவில்லை. நடக்கிறேன். பாண்டியா எனக்குப் பின்னால், அவருக்கும் பின்னால் அவள். இரைச்சல் குறைந்து நாணல் வருகிறது, நாணல் முடிந்து மரங்கள், உடைந்த படிகள். ஒரு பேரிங்கின் சத்தத்தை நூறடியில் கண்டுபிடிக்கிற காதைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு இறங்குகிறேன். ஷூ சத்தம் கேட்கிறது, அது பாண்டியாவுடையது. இலை உரசுகிறது. ஒரு பறவை. அவள் இருமினாளா? கழுத்து தானாகப் பாதி திரும்புகிறது, அங்கேயே பிடித்து நிறுத்துகிறேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. இன்னும் எத்தனை படி இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் கூப்பிடவில்லை. நடக்கிறேன்.